பரமதத்தன் கேட்ட இரண்டாவது மாம்பழம்

காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ஜன்னலோர சீட்டுக்கு நடக்கிற சண்டை ஓய்வதற்குள் பஸ் நாகூரைத் தொட்டுவிடும். இந்தத் தூரத்துக்கு மகளை அனுப்ப மனசு வராமல், மாப்பிள்ளையையே காரைக்காலுக்குக் குடிபெயர்த்தார் ஒரு தகப்பனார். பெயர் தனதத்தன், வணிகர் தலைவர். ஒரே பெண், புனிதவதி. தனி வீடு, தொழிலுக்கு முதல், எல்லாம் மாமனார் செலவு. நாகைப் பையன் பரமதத்தன், தமிழ் இலக்கியத்தில் பேர் வாங்கிய வீட்டோடு மாப்பிள்ளைகளில் ஒருவன் ஆனது இப்படித்தான்.

பையன் சோம்பேறி இல்லை. வந்த முதலைப் பெருக்கிக் காட்டினான் என்று பெரியபுராணத்தில் சேக்கிழாரே சர்டிபிகேட் கொடுக்கிறார். ஆக, தனதத்தனின் டார்கெட் மகள் கண்ணெதிரே இருப்பது. மாப்பிள்ளையின் டார்கெட் வியாபாரம் வளர்வது, மதியம் வீட்டுக்குப் போனால் சோறு சூடாக இருப்பது. இரண்டும் நிறைவேறின. புனிதவதிக்கு என்ன டார்கெட் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பேச்சு வந்த நாளிலேயே மனசு சிவன் காலடிக்குப் போய்விட்டது என்று அவளே பின்னாளில் பாட்டாக எழுதி வைத்தாள். பெண் பார்க்க வந்தபோதே இதைச் சொல்லியிருந்தால் ஒரு கப்பல் செலவு மிச்சமாகியிருக்கும்.

கப்பலைப் பிறகு பார்ப்போம். முதலில் மாம்பழம்.

கடைக்கு வந்தவர்கள் பரமதத்தனுக்கு இரண்டு மாம்பழம் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பினான். அந்த நேரம் பார்த்துப் பசியோடு ஒரு சிவனடியார் வந்தார். சோறு வெந்திருந்தது, கறி ஆகவில்லை. புனிதவதி ஒரு மாம்பழத்தை வைத்துச் சோறு போட்டு அனுப்பிவிட்டாள். மதியம் புருஷன் வந்தான், குளித்தான், உட்கார்ந்தான். மிச்சமிருந்த பழத்தை இலையில் வைத்தாள். சாப்பிட்டவன் வரலாற்றுச் சிறப்புமிக்க அந்த வாக்கியத்தைச் சொன்னான்: இன்னொன்று இருக்கிறதே, அதையும் போடு.

யோசித்துப் பாருங்கள். 'போதும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்' என்று அவன் ஏப்பம் விட்டு எழுந்திருந்தால் சைவ உலகத்துக்கு ஒரு நாயனார் குறைந்திருப்பார்!

உள்ளே போனவள் திகைத்து நின்றாள், சிவனை நினைத்தாள், கையில் ஒரு பழம் வந்து விழுந்தது. அதுவும் இலைக்குப் போனது. இங்கேதான் பரமதத்தனை மெச்ச வேண்டும். நம்மில் முக்கால்வாசிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருப்போம். அவனோ ருசி வித்தியாசத்தைக் கண்டுபிடித்து 'இது நான் அனுப்பினது இல்லையே' என்று விசாரணைக் கமிஷன் வைத்தான். அவள் உள்ளதைச் சொன்னாள். 'அப்படியானால் இன்னொன்று வரவழை' என்றான். வந்தது. கையில் வாங்கினான். மறைந்துவிட்டது. மூன்றாவது பழத்தோடு மாப்பிள்ளையின் தைரியமும் போயிற்று.

பெண்டாட்டியிடம் பயப்படுவது உலக வழக்கம். ஆனால் பெண்டாட்டி தெய்வம் என்று தெரிந்து பயப்படுவது தனி ரகம். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, ஊரில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கப்பல் கட்டினான், சரக்கு ஏற்றினான், வியாபாரத்துக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினான். விவாகரத்து நோட்டீஸுக்குப் பதில் பாய்மரம். நிறையச் சம்பாதித்தவன் திரும்பும்போது காரைக்காலை விட்டுவிட்டுப் பாண்டிய நாட்டுத் துறைமுகம் ஒன்றில் இறங்கி, இன்னொரு வணிகர் மகளைக் கட்டிக்கொண்டு குடித்தனம் போட்டான். மகள் பிறந்ததும் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? புனிதவதி. இரண்டாவது மனைவி காரணம் கேட்டாளா என்பதை மட்டும் சேக்கிழார் நமக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

விஷயம் காரைக்காலுக்கு எட்டியதும் சொந்தக்காரர்களுக்கு ஒரு டார்கெட் பிறந்தது: எப்படியாவது இருவரையும் சேர்த்துவைப்பது. சொந்தக்காரர்களுக்கு வேறென்ன வேலை! புனிதவதியைப் பல்லக்கில் ஏற்றி அவன் ஊருக்கே கொண்டுபோய், வெளியே ஒரு சோலையில் இறங்கி ஆள் அனுப்பினார்கள். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருப்பார்கள். வந்தவன் இரண்டாம் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு நேரே புனிதவதியின் காலில் விழுந்தான். உங்கள் அருளால்தான் வாழ்கிறேன், மகளுக்கும் உங்கள் பெயர்தான் என்றான். 'பெண்டாட்டி காலிலா விழுவது?' என்று உறவினர்கள் பதற, 'இவர் மானிடப் பிறவியே இல்லை, நீங்களும் விழுங்கள்' என்று அறிவுரை வேறு.

புருஷனே விழுந்த பிறகு நாம் 'அவள்' என்று எழுதுவது முறையில்லை. இனி 'அவர்'.

கண்ணீர் விட்டு அழ வேண்டிய இடம் அது. அவரோ அங்கேதான் தன் கோரிக்கையை வைத்தார். இவனுக்காகத் தாங்கிய இந்த அழகு இனி எதற்கு, எடுத்துக்கொள், பேய் வடிவம் கொடு என்று சிவனிடம் கேட்டார். உடனே சாங்ஷன். கோடிக்கணக்கான ரூபாய்க்கு ஃபேர்னஸ் க்ரீம் விற்கிற நாட்டில், இருக்கிற அழகைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரசீதுகூடக் கேட்காத ஒரே பெண்மணி! சேர்த்துவைக்க வந்த உறவினர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடிப்போனார்கள்.

அடுத்த டார்கெட் கைலாயம். அந்த மண்ணில் கால் வைக்கக் கூசித் தலையாலேயே நடந்து ஏறினார். யார் இது என்று உமை கேட்க, நம்மைப் பேணும் அம்மை என்றார் சிவன். என்ன வேண்டும் என்று கேட்டதும் அவர் சொன்ன பட்டியலைக் கவனியுங்கள். மாறாத அன்பு வேண்டும். பிறவி வேண்டாம். ஒருவேளை பிறந்து தொலைத்தால் உன்னை மறக்கக் கூடாது. நீ ஆடும்போது காலடியில் உட்கார்ந்து பாட வேண்டும். மெயின் பிளானுக்குள்ளேயே ஒரு பிளான் பி! நம் ஆபீஸ் அப்ரைசலில்கூட இவ்வளவு தெளிவாக யாரும் எழுதியதில்லை. சிவன் ஆடுகிற திருவாலங்காட்டில் ஸீட் ஒதுக்கப்பட்டது.

இதெல்லாம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ அமைச்சரான சேக்கிழார் 66 பாட்டில் சொன்ன கதை. புனிதவதி என்கிற காரைக்கால் அம்மையாரின் காலம் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது, சம்பந்தருக்கும் முன்னால். அவரே எழுதியவையாக நமக்குக் கிடைத்தவை 143 பாட்டு: அற்புதத் திருவந்தாதி 101, இரட்டை மணிமாலை 20, திருவாலங்காட்டு மூத்த பதிகங்கள் இரண்டிலும் 22. நல்ல கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள். பரமதத்தன் இல்லை. மாமனார் வீடு இல்லை. மாம்பழம் இல்லவே இல்லை! சுடுகாடு இருக்கிறது, நரி இருக்கிறது, வற்றிய உடம்பும் குழிந்த கண்ணுமாக ஒரு பேய் இருக்கிறது, ஆடுகிற சிவன் இருக்கிறார். தன்னைக் காரைக்கால் பேய் என்று கையெழுத்துப் போட்டுக்கொள்கிறார். ஊர் பேர் மட்டும் போதும், புருஷன் பேர் இனிஷியலாகக்கூட வேண்டாம்.

அவர் விட்டுவிட்டுப் போன அந்த ஊருக்குத்தான் பிற்காலத்தில் எத்தனை போட்டி! 1738இல் தஞ்சாவூர் சிம்மாசனம் ஆட்டம் கண்டபோது, உதவி கிடைத்தால் காரைக்கால் உங்களுக்கு என்று பிரெஞ்சுக்காரர்களிடம் சொன்னார் மராட்டிய மன்னர் சாகுஜி. நாற்காலி உறுதியானதும் அவருக்கு ஞாபகமறதி. புதுச்சேரி கவர்னர் டூமா விடாமல் துரத்தி 1739 பிப்ரவரியில் ஊரை வாங்கிவிட்டார். டெல்லியிலிருந்து நவாப் பட்டமும் வாங்கிக்கொண்டு 1741இல் பிரான்சுக்குக் கப்பலேறினார். ஊர், பட்டம், இரண்டு டார்கெட்டும் அச்சீவ்டு. இன்று காரைக்கால் கடைத்தெருவில் நின்று டூமா யார் என்று கேட்டுப் பாருங்கள். மெடிக்கல் ஷாப்புக்கு வழிகாட்டுவார்கள்.

அம்மையாரை மட்டும் ஊர் மறக்கவில்லை. ஆனி பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா. அதில் முதலில் நடப்பது என்ன? மாப்பிள்ளை அழைப்பு! பரமதத்தர் பட்டு உடுத்தி மேளதாளத்தோடு வருகிறார். மறுநாள் திருக்கல்யாணம். எந்தப் பந்தத்தை உதறிவிட்டுத் தலையால் நடந்து மலையேறினாரோ, அதே பந்தத்தை வருஷம் தவறாமல் தாலி கட்டிப் புதுப்பிக்கிறார்கள். ஓடிப்போன மாப்பிள்ளைக்கும் வருஷா வருஷம் மன்னிப்பு. காரைக்கால்காரர்களுக்குப் பெரிய மனசு, கல்யாணச் சாப்பாடு என்றால் இன்னும் பெரிய மனசு.

பிறகு பிச்சை கேட்டு வரும் சிவன், பிச்சாண்டவரின் பவனி. மாடி மாடியாக நின்று மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். கீழே கூட்டம் முண்டியடித்துப் பிடிக்கும். குழந்தை வரம் வேண்டுகிறவர்கள் அந்தப் பழத்தைச் சாப்பிடுவது வழக்கம். பிறவியே வேண்டாம் என்று வரம் கேட்டவரின் திருவிழாவில் பிள்ளை வரம்! அம்மையார் பதிகம் பாடியபடி பார்த்துக்கொண்டிருப்பார், பெருந்தன்மைதான்.

அடுத்த ஆனிக்குப் போனால் பாரதியார் சாலைப் பக்கம் நின்றுகொள்ளுங்கள். தலையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு பழம் சிக்கினால் பேசாமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். இன்னொன்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.