கொள்ளிடம் தாண்டாத சோழர்கள்

திருவெள்ளறையில் அறுப்பு முடிந்த வயலில் டென்னிஸ் பந்து ஆடும் பையன் ஒருவன். வயது 19, பேர் வேண்டாம். அவன் தூக்கி அடித்தால் பந்து பனைமரத்துக்கு மேலே போய், அடுத்த வயல் பம்பு செட்டின் தகரக் கூரையில் ‘டங்’கென்று விழும். கூரையெல்லாம் பள்ளம். பம்பு செட்காரர் இதுவரை ஏழு பந்தைப் பிடுங்கி வைத்திருக்கிறார். இந்த மாவட்டத்தில் அவன் திறமையைக் கணக்கெடுத்திருக்கும் ஒரே தேர்வாளர் அவர்தான்.

ஏன், திருச்சிக்கு அணி இல்லையா? பேஷாக உண்டு. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது காஞ்சிக்காரர்களாக இருந்தவர்கள், பிறகு ஒரு சுபயோக சுபதினத்தில் திருச்சிக்காரர்கள் ஆனார்கள். ரூபி திருச்சி வாரியர்ஸ். அப்புறம் பால்சி திருச்சி. 2024 முதல் திருச்சி கிராண்ட் சோழாஸ். எண் கணிதம் பார்த்துக் கடைப் பெயரை மாற்றுகிறவர்கூட நடுவில் ஒருநாளாவது கடையைத் திறப்பார். 2025 வரை லீக்குக்கு ஒன்பது சீசன் ஆகிவிட்டது. நத்தத்தில் ஆட்டம் நடக்கிறது, வாழப்பாடியில் நடக்கிறது, நெல்லை சங்கர் நகரில் நடக்கிறது. திருச்சியில் ஒன்றுகூட இல்லை. ராஜேந்திர சோழனின் படை கடல் தாண்டிக் கடாரம் போனது. இந்தச் சோழர்களுக்குக் கொள்ளிடம் பாலம் தாண்ட வழி தெரியவில்லை. உறையூர் யாருடைய தலைநகரம் என்று யாராவது சொல்லிவைத்தால் தேவலை.

ஊர்ப் பேர் வைத்தால் அந்த ஊரில் ஆடுகிறவர்களும் உண்டு. அமெரிக்க பேஸ்பாலில் 30 பெரிய அணிகளுக்குக் கீழே 120 சின்ன அணிகள். ஓங்கி அடிக்கிற பொடியனைக் கீழ்ப்படியில் சேர்த்து, வருஷக்கணக்கில் தோற்கவிட்டு, தொடக்கூடாத பந்தை விடப் பழக்கி மேலே ஏற்றுகிறார்கள். சம்பளம் சொற்பம்தான், அதற்காக வாங்கிக்கட்டிக்கொண்டதும் உண்டு. ஆனால் சின்ன ஊரின் பேர் போட்ட அணி அந்த ஊரில் ஆடும். அங்குள்ள பையன் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். நம் பையனுக்குத் தோளில் பலம் இருக்கிறது. எகிறி வரும் ஸ்டிச் பந்தை, அதாவது தோல் பந்தைத்தான், அவன் கண்ணால் கண்டதில்லை. நல்ல மட்டை வாங்க வீட்டில் மாட்டை விற்க வேண்டும்.

தமிழ்நாடு அணியின் ஷாருக் கான் 2021 சையது முஷ்டாக் அலி கோப்பை இறுதி ஆட்டத்தில், ஐந்து ரன் தேவைப்பட்ட கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தார். அடுத்த ஐபிஎல் ஏலத்தில் 9 கோடி. அடித்த அடிக்குத் தகும். ஆனால் அவர் சென்னைப் பிள்ளை. லீக், டிவிஷன், மைதானம் எல்லாம் டவுன் பஸ் தூரம்.

“பந்துவீச்சாளர் நடராஜன் வரவில்லையா?” என்பார்கள் கோட்டு போட்டவர்கள். வந்தார். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசிக்கொண்டிருந்தவரைச் சென்னைக்குக் கூட்டிப்போனது கிரிக்கெட் சங்கமா? ஊர்க்கார அண்ணன் ஜெயப்பிரகாஷ். மாவட்டத்துக்கு ஒரு ஜெயப்பிரகாஷ் பிறக்கட்டும் என்று காத்திருப்பதற்குப் பெயர் கிரிக்கெட் வளர்ச்சியாம்!

எங்கள் திருவெள்ளறையில் மாற்பிடுகு பெருங்கிணறு இருக்கிறது. தந்திவர்ம பல்லவன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டியது, ஸ்வஸ்திக வடிவம். ஒரு படியில் இறங்குகிறவரை அடுத்த படியில் இருப்பவருக்குத் தெரியாது. சங்கம் ஒரு படியில், அணி முதலாளி ஒரு படியில், தேர்வாளர் ஒரு படியில், நாலாவதில் பையன். கம்பன் அரையனாவது நாலு படியையும் தண்ணீர் வரைக்கும் கட்டினான்.

போன மாதம் பையன் துறையூர் ரோட்டில் ஒரு டைல்ஸ் குடோனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பம்பு செட்காரர் ஏழு பந்தையும் அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.