பொய் சொல்லும் பார்சல்

போன செவ்வாய்க்கிழமை மாடிவீட்டுப் பாட்டிக்கு வந்த பார்சலை நான் வாங்கி வைத்தேன். அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

ஜெர்மனியில் வீட்டில் ஆள் இல்லை என்றால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். வாங்கிக்கொண்டவர், “உங்கள் பார்சல் என்னிடம் இருக்கிறது” என்று ஒரு சீட்டு எழுதிக் கதவில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. நான்கு வருடமாக இந்த நாட்டில் குப்பை கொட்டுகிறேன். அதையும் நிறம் நிறமான தொட்டிகளில் தரம் பிரித்துக் கொட்டுகிறேன். இந்த ஒரு வாக்கியம் வராதா?

வரவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும், நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள்: தமிழில் நினைத்து, ஆங்கிலத்தில் மாற்றி, அங்கிருந்து ஜெர்மனுக்குப் போவது. மதுரையிலிருந்து திருச்சிக்குச் சென்னை வழியாக டிக்கெட் எடுக்கும் புத்திசாலித்தனம். ஜெர்மன்காரர்களுக்குப் பார்சல் சும்மா ‘இருக்காது’, ‘படுத்திருக்கும்’ என்று மாலை வகுப்பில் சொன்னது அரைகுறையாக ஞாபகம் இருந்தது. படுத்திருப்பதற்கு ஆங்கிலத்தில் ‘லை’. போனில் அகராதியைத் திறந்து ‘லை’ போட்டேன். முதலில் வந்த சொல் ‘ல்யூகன்’. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கிற வழக்கம் நம் பரம்பரையிலேயே கிடையாது. மஞ்சள் சீட்டில் நீல மையால், முத்து முத்தாக எழுதி ஒட்டினேன்:

“ஈர் பாக்கேட் ல்யூக்ட் பை மீர்.”

உங்கள் பார்சல் என் வீட்டில் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலை அதே சீட்டு என் கதவுக்குத் திரும்பி வந்திருந்தது. ‘ல்யூக்ட்’ மேல் சிவப்பு மையில் ஒரு அடி. மேலே ‘லீக்ட்’ என்ற திருத்தம். அடியில் நடுங்கும் கையெழுத்தில் ஒரு வரி: “பார்சல் யோக்கியமானதுதான் என்று நம்புகிறேன்.” எண்பது வயசில் இவ்வளவு குசும்பு ஆகாது. வாங்கி வைத்ததற்கு நன்றி என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். சிவப்புப் பேனா மட்டும் உடனே கைக்குக் கிடைத்திருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்குக் குற்றவாளி யார் என்று முதலில் தெரிய வேண்டும்.

குற்றவாளி ஆங்கிலம். படுத்தாலும் ‘லை’, பொய் சொன்னாலும் ‘லை’. ஒன்றைக் கிடத்தினால் ‘லே’. சரி, நேற்று ஒருவன் படுத்தான் என்றால்? அதுவும் ‘லே’! ஜெர்மனில் மூன்றும் தனித்தனி: படுத்திருக்க லீகன், கிடத்த லேகன், பொய் சொல்ல ல்யூகன். கடைசிச் சொல்லுக்கு உதட்டை ஊ சொல்வதுபோல் குவித்துக்கொண்டு ஈ சொல்ல வேண்டும். பொய் சொல்வதில் அந்தக் கஷ்டமாவது இருக்கட்டும் என்று விட்டார்கள்போல. இத்தனைக்கும் இடைக்கால ஜெர்மனில் பொய் சொல்வதும் ‘லீகன்’ மாதிரிதான் இருந்தது. படுப்பதோடு குழம்புகிறதே என்று பின்னால் ஓசையை மாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலேயர்கள் மாற்றவில்லை. குழம்பியது நான்.

தேவதைக் கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1838-இல் ஜெர்மன் மொழிக்கு ஒரு பேரகராதி தொடங்கினார்கள். வில்ஹெல்ம் ‘டி’ எழுத்தை முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். யாக்கோப் 1863-இல் ‘எஃப்’ எழுத்தில், ‘பழம்’ என்ற சொல்லில் நின்றார். அகராதி முடிந்தது 1961-இல். இரண்டு பேருமே ‘எல்’ எழுத்துக்கு வரவில்லை. கொடுத்து வைத்தவர்கள்.

தானே படுக்க ஒரு சொல், இன்னொன்றைக் கிடத்த ஒரு சொல்: நமக்கு இது புதுசா என்ன? எழு, எழுப்பு. உருள், உருட்டு. கிட, கிடத்து. எட்டாம் வகுப்பில் தமிழ் ஐயா தன்வினை, பிறவினை என்று தொண்டை வறளச் சொன்னார். “திருந்தினான், திருத்தினான்” என்று கரும்பலகையில் எழுதிவிட்டு என்னைத்தான் பார்த்தார். நான் திருந்தவில்லை, இன்று மாடிவீட்டுப் பாட்டி திருத்துகிறார்.

லீகன், லேகனோடு விட்டார்களா? பாட்டில் மேஜைமேல் நிற்கும். ஸ்பூன் படுத்திருக்கும். சட்டை தொங்கும். சாவி பூட்டில் செருகியிருக்கும். தட்டையாகக் கிடக்கும் சாப்பாட்டுத் தட்டு, நியாயமாகப் பார்த்தால் படுத்திருக்க வேண்டும். இல்லை, நிற்கும்! அதற்கு அடிப்பாகம் இருக்கிறதாம். புத்தகம் அலமாரியில் நிற்கும், மேஜைக்கு வந்தால் படுக்கும். செய்தித்தாள் படுத்திருக்கும், அதற்குள் செய்தி நிற்கும். வாசலில் கார் நிற்கும் சரி. கால்பந்தில் கோல் கணக்கும் நிற்கும். புடவை ஒருத்திக்கு எடுப்பாக இருந்தால் அவளுக்கு ‘நிற்கிறது’. கோட்டு அளவாகத் தைத்திருந்தால் ‘உட்கார்ந்திருக்கிறது’. ஜெயிலில் இருப்பவனும் உட்கார்ந்துதான் இருக்கிறான். ஃபிராங்ஃபர்ட் நகரம் மைன் ஆற்றங்கரையில் படுத்திருக்கிறது. அவ்வளவு பெரிய ஊர், அதற்கும் அசதி இருக்காதா?

இதைப் படித்த ராத்திரி ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். (நான் நின்றேன், அதில் சந்தேகமில்லை.) பால் நிற்கிறது. வெண்டைக்காய் படுத்திருக்கிறது. மாவுப் பாத்திரம் நிற்கிறது. காலையில் மிஞ்சிய நாலு இட்லி? நிற்கிறதா, படுத்திருக்கிறதா, உட்கார்ந்திருக்கிறதா? அடிப்பாகம் உண்டு என்றால் உண்டு. ஆனால் மேல்பாகமும் கிட்டத்தட்ட அப்படித்தானே? ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். திருப்பிப் போட்ட இட்லி விழுந்த இட்லியா? தோசை படுத்திருக்கும், தகராறில்லை. மடித்த தோசை? முறுகலாகச் சுருட்டி நிமிர்த்தி வைத்தால்? அதற்குள் ஃபிரிட்ஜ் கதவு மூடச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது. வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “இட்லி இருக்கா?” என்றாள்.

இருக்கா! அடடா, என்ன சொல் அது! நிற்பது, கிடப்பது, தொங்குவது எல்லாவற்றுக்கும் ஒரே ‘இருக்கு’. வைப்பதற்கு ஒரே ‘வை’. ஒரு மஞ்சள் சீட்டுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

“இருக்கு” என்றேன். பிறகு நாலையும் தின்றுவிட்டேன். பிரச்சினை தீர்ந்தது.

நேற்று மறுபடி பார்சல்காரர் மணியடித்தார். பாட்டிக்குத்தான் ஏதோ வந்திருக்கிறது, நமக்கு இன்னொரு சீட்டு எழுதும் வேலை வேண்டாம் என்று மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கதவைத் திறந்தால் மஞ்சள் சீட்டு. வந்தது என் பார்சல். மாடியில் பாட்டி வாங்கி வைத்திருக்கிறார்.

“ஈர் பாக்கேட் லீக்ட் பை மீர்” என்று எழுதியிருந்தார். ‘லீக்ட்’ கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.