கோட்டைக்காரப் பேரனுக்கு ஒரு தாக்கல்

ஏலே, அந்தச் செல்லைக் கொஞ்சம் கீழ வையி. வைக்க மாட்டே. சரி, கையில வச்சுக்கிட்டே கேளு. விடிஞ்சதுல இருந்து திண்ணையில உக்காந்து நெத்தியச் சுருக்கிக்கிட்டு இருக்க. உங்க ஆச்சி, புள்ளைக்கு வயித்துவலியோன்னு ஓமத்தண்ணி கொதிக்க வச்சுக்கிட்டு இருக்கா. நான்தான் சொன்னேன், "அடியே, அவன் இப்பம் பெரிய பிரபுல்லா! வடக்க இருந்து பூதப்படை வருதாம், கஜானாவுல காசு இல்லையாம், கோட்டைக்கு ஒரு பக்கம் மதிலே இல்லையாம். ராசாவுக்கு மூஞ்சி அப்படித்தான் இருக்கும்"னு.

என்ன கேக்குது ஒன் பெட்டி? மதில ஒசத்தவா, ஆளச் சேக்கவா, கப்பங் கட்டவா? மூணே பொத்தானா? ஒன் பாடு தேவல மக்கா. இந்தக் கரிசல்ல நெசமாவே கோட்டை வச்சிருந்தவனுக்கு முப்பது பொத்தான் இருந்துச்சு. அதுல இருபத்தொம்போது அடுத்தவன் கையில இருந்துச்சு.

மொதல்ல மதில எடுத்துக்கோ. நீ கல்லு மதிலுக்குத்தான் ஆசப்படுவ, எனக்குத் தெரியும். பளபளன்னு இருக்கு, கொடி வேற பறக்குது. கட்டபொம்மு இருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எதுல கட்டுனதுங்கே? மண்ணு. நீளம் 500 அடி, அகலம் 300 அடி இருக்கும். நம்ம ஊர்க் கம்மாய்க்கரைய ஒசத்திக் கெட்டுன மாதிரி. கல்லுல குண்டு பட்டா செதறும். மண்ணுல பட்டா 'பொதுக்'குன்னு உள்ள போயி உக்காந்துக்கிடும், ஒங்கப்பன் சோபாவுல உக்காருத மாதிரி. 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி பானர்மேன் தொரை கும்பினிப் படையோட வந்தான். அன்னைக்கு ஏற முடியல. பாளையங்கோட்டையில இருந்து இன்னும் ஆளும் பீரங்கியும் வரட்டும்னு உக்காந்துட்டான். அதுக்குள்ள கட்டபொம்மு கோட்டைய விட்டு வெளியேறிட்டாரு. அதுவும் ஒரு பொத்தான்தான். ஒன் ஆட்டத்துல அதுக்கு 'தோல்வி'ன்னு செவப்புல எழுதிக் காட்டுமோ என்னமோ.

கோட்டைய இடிச்சுத் தரைமட்டமாக்குனான் வெள்ளக்காரன். அந்தால முடிஞ்சுச்சா? 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி ராத்திரி, பாளையங்கோட்டையில தொரைமாரு எல்லாம் மெக்காலே வீட்டு விருந்துல உக்காந்திருக்கான். அந்த நேரம் பாத்துச் செயில்ல இருந்த கட்டபொம்மு தம்பி ஊமைத்துரை தப்பிச்சுட்டாரு. ஆறே நாளு. இடிஞ்ச கோட்டை பழையபடி எந்திரிச்சு நின்னுச்சு. தொரத்திக்கிட்டு வந்த மெக்காலே கண்ணக் கசக்கிக்கிட்டுப் பாத்திருப்பான். அந்த ஆறு நாளும் மண்ணு சொமந்தது யாருங்கே? அவங்க பேரு எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. ஒன் பெட்டியில மதிலு தானா வளருதுல்லா, அதான் ஒனக்கு இந்தக் கேள்வியே வரல.

மார்ச் 31-ல வெள்ளக்காரன் கோட்டை மேல ஏறிப் பாத்தான், வாங்கிக் கட்டிக்கிட்டுப் போனான். மே 24-ல அக்னியூ தொரை பெரிய படையோட வந்துதான் பிடிச்சான். இப்பம் நீ போயி செல்பி எடுத்துட்டு வந்தியே, அது 1974-ல அரசாங்கம் கெட்டுனது. கட்டபொம்மு காலத்துல அங்கன டிக்கெட்டு கெடையாது.

இப்பம் கப்பத்துக்கு வாரேன். சினிமா பாத்துட்டு எல்லாரும் என்ன நெனைக்கான்? வரி கேட்டான், ராசா மீசைய முறுக்குனாரு, சண்டை வந்துச்சு, அம்புட்டுதான்னு. 1959-ல வந்த படம். நானும் விசிலடிச்சவன்தான், இல்லைங்கல. ஆனா நெசத்துல நடந்தது நம்ம பட்டா மாறுதல் கதை மாதிரி இருக்கு. 1798-ல கட்டபொம்மு கெட்ட வேண்டிய பாக்கி 3310 பகோடாக் காசுன்னு கணக்கு. மழை இல்லாத சீமை. ஜாக்சன்னு ஒரு கலெக்டர், ராமநாதபுரத்துல வந்து என்னப் பாருன்னு ஓல விடுதான். பாக்கக் கெளம்பினா ஆளு குத்தாலத்துல இருக்கான். அங்க போனா அடுத்த ஊருக்குப் போயிட்டான். இவரு பரிவாரத்தோட 23 நாளு பொறத்தாலயே அலைஞ்சிருக்காரு. தாலுக்கா ஆபீசுல "சார் ஃபீல்டுக்குப் போயிருக்காரு, நாளைக்கு வாங்க"ன்னு நம்மளத் திருப்பி விடுவான்லா, அதே அலைச்சல்தான். நாம பஸ்ஸுல அலையுதோம். அவரு குதிரையில அலைஞ்சாரு.

கடசியில செப்டம்பர் 10-ல ராமநாதபுரம் அரமனையில பாத்தாச்சு. கணக்கப் புரட்டுனா முக்காவாசி கெட்டியாச்சு, பாக்கி 1080-தான். பொறவு என்னங்கே? அவமரியாத. உக்காரச் சொல்லாம நிக்க வச்சிருக்கான். தள்ளுமுள்ளு, வாசல்ல வெட்டுக்குத்து, கிளார்க்குன்னு ஒரு தொரை செத்துப் போனான், கட்டபொம்முவோட தானாபதிப் பிள்ளையப் பிடிச்சு வச்சுக்கிட்டான். பொறவு கும்பினியே விசாரணை போட்டு, தப்பு ஜாக்சன் பேர்லதான்னு அவன் வேலையப் பறிச்சுட்டான். அதுக்கு மேல என்ன வேணும்? ஒரு நாற்காலி போட்டிருந்தாத் தீந்திருக்கும் சோலி. ஆகையினால பிரபுவே, ஒன் ஆட்டத்துல தூதன் எவனும் வந்தா மொதல்ல உக்காரச் சொல்லு. மோரு குடு. அந்தப் பொத்தான் இருக்கான்னு பாரு.

இல்லையா? நெனச்சேன்.

அடுத்து இந்த மேற்குப் பக்கத்துப் பாளையம். அதுல என்னமோ பச்சையா மினுங்குதே, 'நட்பு'ன்னா? இதுக்குத்தான் ஒன்னக் கூப்பிட்டே பேசுதேன். எட்டப்பன்னு ஒரு வார்த்தைய வச்சு ஊரே ஏசுதோம். பள்ளிக்கூடத்துல வாத்தியார் கிட்ட கோள் சொன்னவன்ல இருந்து கச்சி மாறுன எம்எல்ஏ வரைக்கும் எல்லாவனும் எட்டப்பன்தான். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. எட்டயபுரத்துக்காரரும் ஒரு கோட்டைக்குப் பிரபுதானடா. அவரு கையிலயும் ஒரு பெட்டி இருந்துச்சு. ரெண்டு பாளையத்துக்கும் ஏற்கெனவே எல்லைத் தகராறு. கும்பினி வரும்போது அவரு கணக்குப் போட்டாரு: எதுத்தா இடம் போவும், கூடப் போனா இடம் நிக்கும். நின்னுச்சு. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல வர வரைக்கும் நின்னுச்சு. அரமனை இன்னைக்கும் நிக்குது. புதுக்கோட்டைத் தொண்டமான் கதையும் அதுதான். கட்டபொம்மப் பிடிச்சுக் குடுத்தாரு, 1799 அக்டோபர் 16-ல கயத்தாத்துல தூக்குல போட்டாங்க, புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 வரைக்கும் இருந்துச்சு. கணக்குப் புள்ளைய கேட்டா ரெண்டு பேரும் செயிச்சாங்கன்னுதான் சொல்லுவான். நான் கணக்குப் புள்ளை இல்ல. அவங்க செஞ்சது சரின்னும் சொல்ல மாட்டேன். ஆனா பக்கத்துப் பிரபுவ எல்லைத் தகராறுல விட்டு வச்சுக்கிட்டு, வடக்க மட்டும் பாத்து வாளச் சுத்துனா என்ன ஆவும்னு சொல்லுதேன்.

சிவகங்கை மருது சகோதரங்க பெட்டியில இருந்த பொத்தான் ஒனக்கு வரவே வேண்டாம். 1801-ல அக்னியூ படை கிட்ட வர நேரம், அவங்க இருந்த ஊரு சிறுவயல அவங்களே கொளுத்திட்டாங்க. எதிரி வந்து தங்கிடக் கூடாதுன்னு. தாம் பாத்துப் பாத்துக் கெட்டுன வீட்டுக்குத் தாமே தீ வைக்கிறது எப்படி இருக்கும்? நம்ம கூரையில இருந்து ஓல ஒண்ணு விழுந்தாலே உங்க ஆச்சி மூணு நாளு பொலம்புதா. காளையார்கோயில் காட்ட வெட்டி ரோடு போட்டுட்டா பிடிச்சிரலாம்னு அவன் ஒரு மாசம் போல வெட்டிப் பாத்தான், காடு விடல. கைவிட்டுட்டு, வேற பக்கமா சோழபுரத்து வழியா வந்து அக்டோபர் 1-ல பிடிச்சான். அந்தப் படையில வெல்ஷுன்னு ஒரு தொரை இருந்தான். அவனுக்கு முன்னால ஒரு காலத்துல வளரி வீசக் கத்துக் குடுத்ததே சின்ன மருதுதான்னு அவனே எழுதி வச்சிருக்கான். அக்டோபர் 24-ல திருப்பத்தூருல அவரத் தூக்குல போட்டாங்க. ஒன் ஆட்டத்துல ஆரு கூடயோ 'வித்தை பகிர்'னு இருக்குதே, அத அமுக்குமுன்ன ஒரு தடவ யோசி.

இப்பம் ஒனக்கு முக்கியமான ஆள நான் சொல்லுதேன். பிரபு இல்ல, படைத்தலைவன் இல்ல. ஒரு ஆத்தா.

ஊமைத்துரைக்கு வாயி சரியா வராது. எல்லாம் சாடைதான். கொஞ்சம் வைக்கோல் துரும்ப எடுத்து எடது உள்ளங்கையில பரப்பி வைப்பாராம், அதான் வெள்ளக்காரப் படை. வலது கையால 'உஷ்'ஷுன்னு தட்டி விடுவாராம். அதான் உத்தரவு. கூட இருக்கவன் எல்லாம் எந்திரிச்சுப் போயிருவான். ஒன்ன மாதிரி அம்பது வரி விளக்கம் படிக்க மாட்டான். அந்த மனுசன் கோட்டை விழுந்த அன்னைக்கு, ஒடம்பெல்லாம் காயத்தோட வெளியில கெடக்காரு. பக்கத்து ஊருப் பொம்பளைங்க, செத்தவங்கள்ல தம் புள்ளையத் தேடி வாராங்க. ஒருத்தி புள்ளையக் கண்டுபிடிச்சுட்டா, உசுரு இருக்கு. தூக்கப் போனா அவன் சொல்லுதானாம், "என்ன விட்டுரு ஆத்தா, அந்தா சாமி கெடக்காரு, அவரக் காப்பாத்து"ன்னு.

சாமியத் தூக்கிட்டு வந்து வீட்டுல போட்டாச்சு. தேடிக்கிட்டு எட்டயபுரத்து ஆளுங்க வந்துட்டாங்க. எந்தப் பொத்தான அமுக்குவ, சொல்லு பாப்போம்? மதிலு இல்ல, ஆளு இல்ல, காசு இல்ல. அந்தப் பொம்பளைங்க ஒரு வெள்ளைத் துணிய எடுத்துத் தலையோட கால் மூடிப் போட்டு, மாரடிச்சு ஒப்பாரி வச்சாங்க. என்னன்னு கேட்டவங்கிட்ட, "அம்ம போட்டுச் செத்துப் போச்சு சாமி"ன்னாங்க. வந்தவன் வாசப்படிய மிதிக்கல. திரும்பிப் பாக்காம ஓடிட்டான்! இத எழுதி வச்சதும் அதே வெல்ஷுதான். பீரங்கிக்கு முன்னால மண்ணுக்கோட்டை எம்புட்டு நாளு நின்னுச்சோ, அத விட நேர்த்தியா அந்தத் துணி நின்னுச்சு. அதுக்குப் பொறவும் மாசக்கணக்குல அவரு சண்டை போட்டாரு. நவம்பர் 16-லதான் பாஞ்சாலங்குறிச்சியிலயே அவரத் தூக்குல போட்டாங்க.

என்னடா, செல்லக் கீழ வச்சுட்டே? சார்ஜு போச்சா? அதானே, என் கதையக் கேட்டு வச்சிருக்க மாட்டியே.

சரி, நம்ம பாளையத்துக்கு வா. மக்காச்சோளம் கதிரு புடிச்சு நிக்குது. நேத்து ராத்திரி காட்டுப்பன்னி எறங்கி மேற்கு மூலையில அஞ்சு சால் போல மிதிச்சுத் தள்ளிட்டுப் போயிருக்கு. நெசமான பூதப்படை. பழைய சேலையெல்லாம் வேலியில கட்டிப் பாத்தாச்சு. பன்னி அதக் கொடியேத்துவிழான்னு நெனச்சுக்கிட்டு வருது. ராத்திரி காவலுக்கு ஒரு பிரபு வேணும். சம்பளம் கெடையாது, ஆச்சி கையால கருப்பட்டிக் காப்பி உண்டு.

என்னது? பன்னி எந்தப் பக்கமா வருதுன்னா கேக்க? மேற்குப் பிஞ்ச வழியாத்தான். ஆமா, அந்தப் பிஞ்சக்காரன் வேலி போடல. ஏன் பேசலன்னா? வரப்புல நின்ன வேப்பமரம் யாரு மரம்னு ஒரு பேச்சு வந்துச்சு, பதினோரு வருசம் ஆச்சு. மரம் பட்டுப்போயி வெறகாகி, அந்தச் சாம்பலும் போயாச்சு. நான் பேசல. அவனும் பேசல.

சிரிக்காதலே. எல்லைத் தகராறுன்னு நான் சொன்னது ராசாக்களப் பத்தி.

சரி, சரி. டார்ச்சு லைட்ட எடு. கம்பு கதவுக்குப் பின்னால இருக்கு. நேர்வழியாப் போவ வேண்டாம், அவன் வீட்டு வாசல் வழியாச் சுத்திப் போவோம். நான் பேச மாட்டேன், பாத்துக்கோ. வாசலுக்கு நேரா வரும்போது ரெண்டு தரம் இருமுவேன், அம்புட்டுதான். உள்ள இருந்து "யாரு?"ன்னு கொரலு வந்தா, அது அவன் பாடு.