ஒரே செட்டிங்கில் உலகையே பாருங்கள்

வாழ்த்துகள்! 55 அங்குல 4கே டிவி சுவரில் ஏறிவிட்டது. அதன் முதுகில் கேபிள் பாக்ஸ், இணையப் படங்களுக்கான ஸ்டிக், பரணிலிருந்து இறங்கிய டிவிடி பிளேயர், பையனின் கேம் பெட்டி எல்லாம் தொங்குகின்றன. நான்கும் நான்கு விதமான படத்தை அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சரிசெய்வது வேலை இல்லாதவர்கள் செய்கிற வேலை. சகல வியாதிக்கும் ஒரே கஷாயம் என்பதே நம் கொள்கை. இதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துவருகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். மீதியையும் முறைப்படி கற்றுக்கொள்ளுங்கள்.

1. கடையை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

முதன்முதலில் ஆன் செய்ததும் டிவி ஒரு கேள்வி கேட்கும்: வீட்டிலா, கடையிலா? தயங்காமல் கடை என்று அழுத்துங்கள். அவசரத்தில் வீடு என்று அழுத்தியவர்கள் மெனுவில் 'விவிட்' அல்லது 'டைனமிக்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பிராயச்சித்தம் செய்துகொள்ளலாம். ஷோரூமில் பத்து டிவிகளுக்கு நடுவே உங்கள் கண்ணைப் பிடித்து இழுப்பதற்காகவே செய்த அமைப்பு அது. உங்கள் ஹாலில் போட்டிக்கு வேறு டிவி இல்லைதான். இருந்தாலும் வயல் கண்ணைக் கூச வேண்டும், கதாநாயகியின் முகம் ஆரஞ்சு நிறமாக வேண்டும்.

'சினிமா', 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்றும் மெனுவில் இருக்கும். இரண்டாவதை 2019-ல் யுஎச்டி அலையன்ஸ் என்ற அமைப்பு அறிவித்தது. இயக்குநர் எந்த நிறத்தை நினைத்து எடுத்தாரோ அதையே காட்டுவதுதான் அதன் நோக்கம். அவர் நினைத்தது அவரோடு இருக்கட்டும்.

2. வெள்ளைக்கு நீலம் போடுங்கள்.

வேட்டிக்கே சொட்டு நீலம் போடுகிறவர்கள் நாம். கலர் டெம்பரேச்சரை 'கூல்' என்று வையுங்கள். ஸ்டுடியோக்களில் வெள்ளைக்கான அளவுகோல் ஏறக்குறைய 6500 கெல்வின். டிவியில் அதற்குப் பக்கத்தில் வருவது 'வார்ம்'. அதைப் போட்டால் முதல் நாள் படத்துக்கு மஞ்சள் காமாலை வந்ததுபோல இருக்கும், சில நாளில் கண் பழகிவிடும். ஆகவே பழகுவதற்குள் மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் பொறுமை காட்ட வேண்டாம்.

3. கறுப்பைச் சாம்பலாக்குங்கள்.

'பிரைட்னஸ்' என்ற பெயரைப் பார்த்து அது வெளிச்சத்தைக் கூட்டும் என்று நம்புகிறீர்கள் அல்லவா? தொடர்ந்து நம்புங்கள். பல டிவிகளில் அது கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. திரையின் வெளிச்சத்துக்கு 'பேக்லைட்' என்று தனியே ஒன்று உண்டு. அதைத் தேடிப் போகாதீர்கள். பேய்ப்படத்தில் பேய் தெரியவில்லையென்றால் பிரைட்னஸை ஏற்றுங்கள். பேய் தெரியும். அதன் பின்னால் இருட்டு இருக்காது, சிமென்ட் நிறத்தில் ஒரு மூட்டம் இருக்கும். மூட்டத்தைப் போக்கக் கான்ட்ராஸ்டை நூறுக்கு ஏற்றுங்கள். இப்போது வெள்ளைச் சட்டையின் மடிப்பெல்லாம் மறைந்து இஸ்திரி போட்டதுபோல் ஆகிவிடும்.

தேர்ந்த மாணவர்களுக்கு இன்னொரு பாடம். வீடியோ சிக்னலில் கறுப்பு 16-லும் வெள்ளை 235-லும் இருப்பது டிவி உலகின் வழக்கம். கம்ப்யூட்டரும் கேம் பெட்டியும் 0 முதல் 255 வரை அனுப்பக்கூடியவை. பெட்டி அனுப்புவது ஒன்று, டிவி எதிர்பார்ப்பது வேறொன்று என்று ஆகிவிட்டால் போதும். ஒரு வகையில் நிழலெல்லாம் கரியாகும், மறு வகையில் படம் முழுக்க விபூதி பூசிக்கொள்ளும். இதற்கு மருந்தாக 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்' என்று மெனுவில் ஒரே ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் ஒரு விநாடியில் வேலை முடிந்துவிடும். அது உங்களுக்குத் தேவையா? பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், காமா மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திருகிக்கொண்டிருங்கள்.

4. மஞ்சள் வயரைக் கைவிடாதீர்கள்.

எச்டி பாக்ஸுக்கு மாதாமாதம் பணம் கட்டுங்கள். ஆனால் அதை மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களால் டிவியோடு இணையுங்கள். வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே மஞ்சள் வயரில் கலந்தடித்து அனுப்பும் பழைய ஏற்பாடு அது. எச்டி அதன் வழியே வராது. 2006-ல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய 14 அங்குல வண்ண டிவியில் இந்தக் குறை தெரிந்திருக்காது. 55 அங்குலத்தில் நன்றாகத் தெரியும். சாதாரண எஸ்டி ஒளிபரப்பில் அதிகபட்சம் 720-க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் அதைப்போல் சரியாக 20 மடங்கு. ஒரு புள்ளி கையில் இருந்தால் மீதி 19-ஐ டிவி தானே கற்பனை செய்துகொள்ள வேண்டும். படம் மங்கலாக இருப்பதாக டிவி கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போடுங்கள். எச்டிஎம்ஐ கேபிளை டிவி வந்த அட்டைப்பெட்டியிலேயே பத்திரமாக வையுங்கள்.

5. திரையை நிரப்புங்கள்.

காசு கொடுத்து வாங்கிய திரையில் ஓர் அங்குலம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் கிட்டத்தட்ட 4-க்கு 3 என்ற வடிவம். அவற்றை 16-க்கு 9-ஆக இழுங்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் மூன்றில் ஒரு பங்கு பருமன் கூடுவார்கள். 'ராஜராஜ சோழன்', 1973-ல் வந்த தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம், மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு வரும். அதற்கு 'ஜூம்' போடுங்கள். பக்கவாட்டில் கால்வாசிப் படம் காணாமல் போகும். அங்கே நிற்பவர்கள் துணை நடிகர்கள்தானே!

6. கூர்மையாக்குங்கள்.

ஷார்ப்னஸ் உச்சத்தில் இருக்கட்டும். இல்லாத விவரத்தை அது கொண்டுவராது, இருக்கிற விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு போடும். செய்தி வாசிப்பவருக்கு ஒளிவட்டம் கிடைக்கும்.

7. படத்தைச் சீரியலாக்குங்கள்.

சினிமா விநாடிக்கு 24 ஃபிரேமில் ஓடுகிறது. நடுவே இல்லாத ஃபிரேம்களை டிவியே உற்பத்தி செய்து வழவழப்பாக்கும் வசதி உண்டு. கம்பெனிக்கு ஒரு பெயரில் அது ஒளிந்திருக்கும். 2018 டிசம்பரில் டாம் குரூஸ், இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படம் பார்க்கும்போது தயவுசெய்து இதை அணைத்துவிடுங்கள் என்று வீடியோ போட்டுக் கெஞ்சினார். பறக்கும் விமானத்தில் தொங்குகிறவர் பேச்சை நாம் ஏன் கேட்க வேண்டும்? கிரிக்கெட்டுக்கு அது ஓரளவு உதவும் என்பது உண்மை. எனவே கேபிள் பாக்ஸுக்குப் போட்டதை ஸ்டிக்குக்கும் விட்டுவையுங்கள்.

8. எச்டிஆர் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தால் நம்புங்கள்.

சிக்னலை வாங்கிக்கொள்ளும் திறன் ஒன்று, அதைக் காட்டுமளவு வெளிச்சம் இருப்பது வேறு. விலை குறைந்த பல டிவிகளில் முதலாவது மட்டுமே உண்டு. அதில் எச்டிஆர் படத்தைப் போட்டு, டியூப்லைட்டை எரியவிட்டு, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் 'ஈகோ' வசதியையும் ஆன் செய்து, ஒன்றுமே தெரியவில்லை என்று இயக்குநரைத் திட்டுங்கள். 2019 ஏப்ரலில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் இரவுப் போர் அத்தியாயத்துக்கு உலகம் முழுக்க இப்படித்தான் திட்டு விழுந்தது. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், டிவியைச் சரியாக அமைக்கத் தெரியாததும் ஒரு காரணம் என்றார். சொல்லட்டும். திட்டுவதற்கு ஓர் ஒளிப்பதிவாளர் கிடைத்த பிறகு மெனுவுக்குள் போவானேன்?

9. இப்போது எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள்.

இதுதான் பட்டமளிப்பு. பல டிவிகள் ஒவ்வோர் எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனி செட்டிங்கை நினைவில் வைத்துக்கொள்ளும். எச்டிஆருக்கென்று இன்னொரு கணக்கு வைத்திருக்கும். இந்த அதிகப்பிரசங்கித்தனத்தை முளையிலேயே கிள்ளுங்கள். இருப்பதிலேயே மோசமான சிக்னலைத் தேர்ந்தெடுங்கள்: எஸ்டி சேனலில் நள்ளிரவில் வரும் வெளிறிப்போன பழைய பாட்டு. அது பளிச்சென்று தெரியும்வரை கலரை ஏற்றுங்கள். பிறகு 'எல்லா இன்புட்டுக்கும்' என்பதை அழுத்துங்கள். மறுநாள் ஸ்டிக்கில் புதுப்படம் போட்டால் கதாநாயகன் தக்காளி நிறத்தில் வருவான். உடனே கலரைக் குறையுங்கள். சாயங்காலம் சீரியல் வெளிறும். அம்மா கேட்பார்கள். ஏற்றுங்கள். ராத்திரி பையன் கேம் ஆடும்போது குறைப்பான். குடும்பமாகச் சேர்ந்து செய்கிற காரியம் இந்தக் காலத்தில் வேறென்ன இருக்கிறது?

இடையில் யாராவது யூடியூபில் கலர் பார் பேட்டர்ன் இருக்கிறது, அதைப் போட்டுச் சரிசெய் என்பார்கள். செய்யுங்கள், தப்பில்லை. ஸ்டிக்கில் அதை ஓட்டி ஸ்டிக்குக்குக் கிடைத்த எண்களை, மஞ்சள் வயரில் தொங்கும் பாக்ஸுக்கு அப்படியே காப்பியடித்தால் பாடம் கெடாது. இதே மாடல் வாங்கிய மச்சானின் எண்களும் சிறந்தவை. ஒரே மாடலாக இருந்தாலும் திரைக்குத் திரை நிறம் கொஞ்சம் மாறும் என்பதை அவரிடம் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். மெனுவின் அடியில் 'பிக்சர் ரீசெட்' என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தி, ஒவ்வோர் இன்புட்டிலும் 'சினிமா' என்று தேர்ந்தெடுத்தால் இத்தனை பாடமும் ஐந்து நிமிடத்தில் வீணாகிவிடும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.