வாசலில் உதிர்ந்த வண்டி

நாமக்கல்லில் வெறும் சேஸைக் கொண்டுவந்து விட்டால் போதும், லாரியாக்கி அனுப்பிவிடுவார்கள். டேங்கராக வேண்டுமா, டேங்கர். வடக்கத்திக்காரர்கள்கூட பாடி கட்ட இங்கே வருகிறார்கள். கேபின்கூட இல்லாத வண்டியில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எதிர்க்காற்று முகத்தில் அறைய டிரைவர்கள் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரில் குடியிருந்தும் எனக்கு வந்த சிக்கல் தலைகீழானது. என் பிக்கப்பில் பாடி ஜம்மென்று இருக்கிறது, சேஸைத்தான் காணோம்.

எல்லாம் கோழி எரு செய்த வேலை. நம் பக்கத்தில் முட்டைக்கு அடுத்தபடி தாராளமாகக் கிடைப்பது அதுதானே? மரவள்ளிக் காட்டுக்கு லோடு லோடாக அடித்தேன். ஈர எரு அமோனியாவைக் கக்கும். அதிலிருக்கும் உப்பெல்லாம் தண்ணீரோடு கசிந்து பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கும். இரும்புக்கு இதைவிடப் பெரிய எமன் கிடையாது. "லோடு இறக்கினதும் ஒரு தடவை கழுவி விடுங்க" என்று வீட்டுக்காரி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். 1,000 அடி போரில் சொட்டுகிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுவதா என்று நான் பொருளாதாரம் பேசினேன். மிச்சம் பிடித்த தண்ணீர் எங்கே போனதோ தெரியாது. சேஸ் போன இடம் தெரியும். செதில் செதிலாக வாசலில் கிடக்கும், அவள்தான் கூட்டி அள்ளுவாள்.

மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்துத் திருப்புளியால் ஒரு தட்டுத் தட்டினார். திருப்புளி பாதிவரை உள்ளே போய்விட்டது.

"அண்ணா, பெயிண்டுதானுங்க வண்டியைப் புடிச்சிட்டு இருக்குது."

சேஸையே மாற்றிவிடுவது, அதுவும் வேறு ரகமாக மாற்றுவது என்று முடிவெடுத்தேன். என்னுடையது நாலு பக்கமும் மூடிய பெட்டி சேஸ். உள்ளே போன சேறும் ஈரமும் வெளியே வர வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். லாரிகளில் இருக்கிற 'சி' சேனல் என்றால் ஒரு பக்கம் திறந்திருக்கும், துரு கண்ணுக்குத் தெரியும், சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாம், மேடு பள்ளத்தில் கொஞ்சம் முறுக்கியும் கொடுக்கும். இதையெல்லாம் ஒரே ராத்திரியில் படித்துவிட்டு, என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பட்டறை வைத்திருக்கிற மனிதருக்குக் காலையில் பாடம் எடுத்தேன்.

பொறுமையாகக் கேட்டார். "செய்யலாங்க்ணா. கேபின் உக்கார்ற இடம் மாறும், ஷாஃப்டை வெட்டணும், பிரேக் லைன் புதுசா ஓட்டணும், டீசல் டேங்குக்கு இடம் தேடணும். ஹாரனை மட்டும் அப்படியே வெச்சுக்கலாம்."

ஹாரனாவது மிஞ்சுகிறதே என்று தெம்பாக வீட்டுக்கு வந்தால், வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் மச்சினன் உட்கார்ந்திருந்தான். 1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு: ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற விவரம், கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறிப்போகிற மாதிரி வண்டியில் கைவைக்கக் கூடாது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் மீறினால் ஆறு மாதம்வரை ஜெயில், அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். போதாததற்கு வண்டியின் நம்பரை அடித்து வைத்திருப்பதே சேஸில்தான். அதைக் கழற்றிப் போட்டால் இது என் வண்டி என்பதற்கு என் வாய்வார்த்தை மட்டும்தான் சாட்சி.

"அந்த நம்பர் இருக்கிற துண்டை மட்டும் வெட்டியெடுத்து..." என்று இழுத்தேன்.

"மாமா, அதுக்குத் தனிக் கேசுங்க."

உள்ளேயிருந்து வீட்டுக்காரி குரல் கொடுத்தாள்: "ஆறு மாசம்தானுங்களே? வாசலாவது சுத்தமா இருக்கும்."

கடைசியில் அரித்த இடங்களை வெட்டியெடுத்து, அதே கனத்துக்குத் தகடு வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார் மேஸ்திரி. எருவுக்கு இப்போது வாடகை டிராக்டர். பிக்கப் இனிமேல் எங்கள் இரண்டு பேரையும் ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கூட்டிப்போய் வந்தால் போதும் என்பது வீட்டுத் தீர்ப்பு.

"ரெண்டு பேரும் தைரியமா போலாங்களா?" என்று கேட்டேன்.

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் வண்டியைப் பார்த்தார்.

"அக்கா போலாங்க்ணா."