கறிவேப்பிலைக்குச் சான்றிதழ் உண்டா?

சேர்க்கைக் காலம் வந்ததும் நம் தபால் பெட்டியில் பாதி ஜெர்மனிக்குப் போய்விடுகிறது. விசா விவகாரம் என்பதால் கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊர்களை மட்டும் போட்டிருக்கிறோம்.

ஒரு தந்தை, நாமக்கல்
ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்றார்கள். இப்போது 11,904 யூரோ கட்டு என்கிறார்கள். இலவசத்துக்கு இவ்வளவு விலையா?

படிப்புதான் இலவசம், சாப்பாடும் வாடகையும் இல்லை. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, செமஸ்டருக்குச் சில நூறு யூரோவோடு விட்டுவிடும். (பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் நம்மைப் போன்றவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வசூலில் இறங்கிவிட்டது.) நீங்கள் சொல்லும் 11,904 யூரோ யாருக்கும் தருகிற கட்டணம் இல்லை. உங்கள் மகளின் பெயரில் பிளாக்டு அக்கவுண்டில் போடுகிறீர்கள். அவள் அங்கே போய்ச் சேர்ந்ததும் தாத்தாவின் பென்ஷன் மாதிரி மாதம் 992 யூரோ வந்துகொண்டிருக்கும். மொத்தமாக எடுக்க மட்டும் வழியில்லை.

ஒரு மாணவர், சேலம்
பிளாக்டு அக்கவுண்டுக்கான பணத்தை ஒருவர் வட்டிக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்கிறார். விசா வந்ததும் எடுத்துக்கொள்வாராம்.

எங்கிருந்து எடுப்பார்? பணம் வருவது உங்கள் கணக்குக்கு, அதுவும் மாதத் தவணையில். அதை அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டு, மேலே வட்டியும் கட்டிவிட்டு, மைனஸ் ஐந்து டிகிரியில் நீங்கள் எதைச் சாப்பிடுவதாக உத்தேசம்? கல்விக் கடனிலேயே இந்தத் தொகையையும் சேர்த்துக் கேளுங்கள். பல வங்கிகள் தருகின்றன.

ஓர் ஆசிரியர், திண்டுக்கல்
கன்சல்டன்சிக்காரர் ஒரு பைசா வாங்காமல் எல்லாம் செய்து தருகிறார். நல்லவர்தானே?

நல்லவர்தான், அவருக்குக் காசு தருகிறவர்களுக்கு. அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருவதில்லை. தனியார் கல்லூரிகளில் பல தருகின்றன. அதனால்தான் பையன் 8.5 சிஜிபிஏ வைத்திருந்தாலும் “கவர்ன்மென்ட் யுனிவர்சிட்டி கஷ்டம் சார்” என்று உதட்டைப் பிதுக்கி, ஆண்டுக்குப் பல ஆயிரம் யூரோ கேட்கும் இடத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிறார்கள். தனியார் என்றாலே மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் எவ்வளவு ஆன்லைன், எவ்வளவு நேரில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாதிப் படிப்பு கணினித் திரையில் என்றால், “இதை உன் வீட்டிலிருந்தே படிக்கலாமே?” என்று அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகம் கேட்கும். 2025இல் பெர்லினில் சில இந்திய மாணவர்களிடம் கேட்டே விட்டது. நாட்டை விட்டுக் கிளம்பவும் சொன்னது.

அப்படி என்னதான் வேலை இதில்? படிப்புகளின் பட்டியல் டாட் (DAAD) என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்று 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. எம்.எஸ். படிக்கப் போகிற பையனுக்கு இதை நிரப்பத் தெரியாதென்றால், பயப்பட வேண்டியது விசாவைப் பற்றி அல்ல. இன்னொன்று: அவனுடைய எஸ்.ஓ.பி. என்கிற நோக்கக் கடிதம் “சிறுவயது முதலே இயந்திரங்கள்மீது எனக்குத் தீராத ஆர்வம்” என்று தொடங்கினால், அது அவன் எழுதியதல்ல. அதைப் படிக்கிற அதிகாரிக்கும் தெரியும்.

ஒரு மாணவி, மதுரை
கோர்ஸ் முழுக்க ஆங்கிலத்தில். ஜெர்மன் கற்றே ஆக வேண்டுமா?

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் பழகியவர். 1715இல் புதிய ஏற்பாட்டையே தமிழில் அச்சிட்டுவிட்டார். நீங்கள் வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கிற அளவுக்கு வந்தால் போதும். பேராசிரியர் ஆங்கிலம் பேசுவார். வீட்டுக்காரப் பாட்டியும் வேலைக்கு ஆள் எடுக்கும் சிறு நிறுவனமும் பேச வேண்டும் என்று சட்டமில்லை. நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறெங்கோ, கிளம்பும் முன் ஜெர்மனில் ஏ2 நிலையை முடித்துவிடுங்கள்.

ஒரு மாணவர், திருநெல்வேலி
இங்கே எட்டு அரியர் வைத்து எழுதி முடித்தேன். அங்கே எப்படி?

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்பு. மூன்றாவதிலும் போனால் அந்தப் படிப்பே போயிற்று. அதே படிப்பில் ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் பொதுவாகச் சேர முடியாது. விசாவும் படிப்பை நம்பித்தான் நிற்கிறது. எட்டைப் பற்றி வெளியே சொல்லாதீர்கள்.

ஒரு மாணவர், கோவை
வீடு கிடைக்கவில்லை. “சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், முதலில் அட்வான்ஸ் போடு” என்று ஒருவர் மெயில் அனுப்பியிருக்கிறார்.

சாவி வராது. வீட்டை நேரிலோ, அங்கிருக்கும் நம்பிக்கையான ஒருவர் மூலமோ பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

வீட்டுப் பிரச்சினை அங்கே வீட்டோடு முடிவதும் இல்லை. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் ஆன்மெல்டுங் என்கிற முகவரிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். பல வங்கிகள் அந்தப் பதிவுச் சான்றைக் கேட்கும். வங்கிக் கணக்கு இல்லாமல் பிளாக்டு அக்கவுண்டின் 992 யூரோ இறங்காது. அது இறங்காமல் வாடகை கட்ட முடியாது. ஆக, நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி “ஜன்னல் எந்தப் பக்கம்?” அல்ல, “இந்த முகவரியில் பதிவு செய்ய விடுவீர்களா?” என்பதுதான். மாட்டேன் என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். முதல் இரண்டு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் வைத்திருங்கள். அட்வான்ஸ் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே ஸ்டுடியரெண்டன்வெர்க் என்கிற மாணவர் நல அமைப்பின் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வரிசை நம் ரேஷன் கடையைவிட நீளம்.

ஓர் அம்மா, தஞ்சாவூர்
மகளுக்கு நெய், பால்கோவா, கருவாடு, பச்சைக் கறிவேப்பிலை கொடுத்தனுப்பலாமா?

பால் பொருட்களுக்குத் தடை. நெய்யும் பால்கோவாவும் விமான நிலையத்திலேயே நின்றுவிடும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். கருவாட்டை மட்டும், சொந்த உபயோகத்துக்கு, 20 கிலோ வரை சட்டம் அனுமதிக்கிறது. அடுத்த அறைக்காரர் அனுமதிப்பாரா என்பது வேறு விஷயம். பெரிய நகரங்களில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன, கவலை வேண்டாம். ஹாம் நகரில் காமாட்சி அம்பாளே தேரோடு இருக்கிறாள்.

ஒரு மாணவர், ஈரோடு
பார்ட் டைம் வேலை பார்த்தே கடனை அடைத்துவிடலாமா?

ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. 2026இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. பெருக்கிப் பாருங்கள்: வயிறு நிறையும், கடன் நிற்கும், மூன்றாவது வாய்ப்பும் போகும். பல்கலைக்கழகத்திலேயே உதவியாளர் வேலை கிடைத்தால் விடாதீர்கள். அது அந்த 140 நாள் கணக்கில் சேராது. “சுயதொழில் என்று கையெழுத்துப் போடு, டெலிவரி வேலை தருகிறேன்” என்பவரிடம் மட்டும் போகாதீர்கள். தனி அனுமதி இல்லாமல் மாணவர் சுயதொழில் செய்வது விதிமீறல்.

ஒரு மாணவி, டிரெஸ்டன் (சொந்த ஊர் கரூர்)
விசா அடுத்த மாதம் முடிகிறது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரமே தர மாட்டேன் என்கிறார்கள்.

நேரம் கிடைக்காதது உங்கள் தவறல்ல. விண்ணப்பிக்காமல் காத்திருந்தால் உங்கள் தவறு. முடியும் தேதிக்கு முன்பே விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போய்விட வேண்டும், போனதற்கு அத்தாட்சியும் உங்களிடம் இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் முடிவு வரும்வரை பழைய அனுமதியே தொடர்கிறது. கேட்டால் இடைக்காலச் சான்றும் தருவார்கள். பல்கலைக்கழகத்தின் இன்டர்நேஷனல் ஆபீஸில் இன்றே போய் நில்லுங்கள். இந்த மாதிரி விஷயத்துக்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

ஓர் அம்மா, விருதுநகர்
தினமும் பேசிக்கொண்டிருந்த மகன் ஒரு மாதமாக வாட்ஸ்அப்பில் “ம்” மட்டும் அனுப்புகிறான். பிஸியாம். நம்பலாமா?

நம்புங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள். குளிர்காலத்தில் மாலை நான்கரைக்கே இருட்டிவிடும் ஊர், முதல் செமஸ்டர், வீட்டில் கடன், வகுப்பில் யாரையும் தெரியாது. “ம்” என்பது பல சமயம் பணம் தீர்ந்துவிட்டது, அல்லது ஒரு பேப்பர் போய்விட்டது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்பதன் சுருக்கம். “மார்க் என்ன ஆச்சு?”, “பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேலை கிடைச்சிடுச்சே” இரண்டையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். கடன் தவணையை அப்பா பார்த்துக்கொள்கிறார் என்று ஒருமுறை அப்பாவையே சொல்லச் சொல்லுங்கள். அவனோடு இருக்கும் நண்பன் ஒருவனின் எண்ணை வாங்கி வையுங்கள். விடுதியையும் கேன்டீனையும் நடத்துகிற அதே ஸ்டுடியரெண்டன்வெர்க்கில் மாணவர்களுக்கு மனநல ஆலோசனையும் உண்டு. பல ஊர்களில் இலவசம், ஆங்கிலத்திலும் பேசலாம். அங்கே போனால் விசாவுக்குப் பாதகம் என்று பையன்கள் பயப்படுகிறார்கள். பாதகம் கிடையாது, பேசுவதை வெளியே சொல்ல மாட்டார்கள். இந்த வாரமே அவனிடம் சொல்லுங்கள்.