28-ஆம் வசனம்

பைபிளின் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தில் 10 முதல் 31 வரை, 22 வசனங்கள் குணசாலியான மனைவிக்கு. இருட்டோடு எழுகிறாள், நூல் நூற்கிறாள், நிலம் வாங்குகிறாள், இரவிலும் விளக்கை அணைப்பதில்லை. கணவனுக்கு அங்கே இரண்டே வேலை: 23-இல் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார வேண்டும், 28-இல் மனைவியைப் புகழ வேண்டும்.

முதல் வேலையைக் கச்சிராயபாளையத்துக் கணவர்கள் டீக்கடை பெஞ்சில் தினமும் தவறாமல் செய்கிறார்கள். சர்க்கரை ஆலைக்குப் போன கரும்பின் சர்க்கரைக் கட்டுமானத்தைப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை விவாதிப்பவர்கள், வீட்டில் இருக்கும் இனிப்பை அளந்ததே இல்லை.

"வாயால சொன்னாதான் ஆச்சா?" என்பார்கள். குழம்பில் உப்புக் கூடினால் மட்டும் அதே வாய் தானாகத் திறக்கும்.

28-ஐ அவர்கள் மறந்துவிடவில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்காகப் பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறார்கள்.